கதவைப் பார்த்த செருப்பு

நவம்பர் 3

ஜெரால்டு இன்று ஒரு புது உத்தரவு போட்டான். கம்பெனியில் எல்லோரும் தினமும் எதற்குப் பயந்தோம் என்று எழுதி வைக்க வேண்டுமாம். எல்லோரும் என்றால் இரண்டு பேர். அவன் ப்ரோகிராம் எழுதுகிறான், நான் படம் வரைகிறேன். சரவணம்பட்டியில் மருந்துக் கடைக்கு மேலே உள்ள அறைதான் கம்பெனி. நாங்கள் பேய் வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். நானும் நகைக்கடையில் கொடுத்த டைரியை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

கேம் டூ-டி. அதாவது பக்கவாட்டிலிருந்து பார்க்கிற தட்டைப் படம். இடது ஓரத்தில் ஒரு வீடு, வலது பக்கம் முழுக்கத் தெரு. வீட்டில் தனியாக இருக்கும் பெண் ஒருத்தி தண்ணீருக்கும் பாலுக்கும் வெளியே போய்த் திரும்பி வருவாள். அவளுக்கு நான்கு புள்ளியில் முகம் வரைந்திருக்கிறேன். பணம் போடுவதாகச் சொன்ன சென்னைக்காரர் வரதராஜன், “இந்தத் தட்டைப் படத்தப் பாத்து யாருங்க பயப்படுவாங்க, த்ரீ-டியில பண்ணுங்க” என்கிறார். தை பிறந்ததும் வந்து ஆடிப் பார்ப்பாராம். அவர் பயப்படவில்லை என்றால் என் வேலை அதோடு சரி. எனக்கு த்ரீ-டி வராது.

இன்று எதற்குப் பயந்தேன்: எதற்கும் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

நவம்பர் 5

தட்டைப் படத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஓர் ஆளை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் தன் அம்மா வீட்டிலிருந்து பழைய கேசட் கேம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை கறி தின்ற கையோடு இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். குகைக்குள் போகிற கட்டம் வந்தால் ஆறடி ஆள் தன் கையில் இருக்கும் பொத்தான் பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு, தலையணையைக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிடுவார்.

“என்ன மாமா, கட்டை விரல் அளவு கூட இல்ல அந்தப் பொம்ம, அதுக்குப் போயி” என்பேன்.

“அதுக்கு மூஞ்சி இல்லையே சுகு. மூஞ்சி இருந்தாத்தான் என்ன செய்யப் போகுதுன்னு தெரியும்” என்பார்.

இதை ஜெரால்டிடம் சொன்னேன். அவன் ஆகா என்று பலகையில் எழுதிக்கொண்டான். பிறகு, “தனா அண்ணன் எப்படி இருக்காரு? ஊருப்பக்கம் வந்தாரா?” என்று கேட்டான். ஓசூரில் வேலை நெட்டித் தள்ளுகிறதாம், லீவு கிடைப்பதில்லை என்று சொன்னேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 9

காலையிலேயே ஈரோட்டிலிருந்து வசந்தாக்கா போன். என் கூடப் பிறந்தவள், ஆனால் பேச ஆரம்பித்தால் மாமியார். வீட்டு அக்ரிமென்ட் தையோடு முடிகிறதாம், காலி செய்துவிட்டு அவளோடு வந்து இருக்க வேண்டுமாம்.

“அவன் போயி ஒரு வருசம் தாண்டிப் போச்சு. வரமாட்டேன்னு வாயாலயே சொல்லிட்டான். நீ யாருக்காக அந்த வீட்டக் கட்டிக் காத்துட்டு இருக்கற?”

யாருக்காகவும் இல்லை. தண்ணீர் வசதி நன்றாக இருக்கிறது, ஆபீஸ் பக்கம், மாடியில் காற்று வருகிறது. தவிர அவருக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். நான் ஈரோட்டுக்குப் போய்விட்டால் வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதாகிவிடும். கோபத்தில் ஆயிரம் சொல்லுவார்கள். அதை எல்லாம் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ள முடியுமா.

மத்தியானம் வாசலைக் கூட்டினேன். அவருடைய செருப்பைத் துடைத்து வைத்தேன். அவர் ஷூ போட்டுக்கொண்டு போனதால் செருப்பு இங்கேயே தங்கிவிட்டது. உள்ளே எடுத்து வைக்கப் போனபோது கீழ் வீட்டு லோகநாயகி அக்காதான் தடுத்தார். வீட்டுக்குச் சொந்தக்காரர் அவர்தான். “வாசல்லயே கெடக்கட்டும் கண்ணு. தனியா இருக்கற பொம்பளைக்கு ஆம்பளச் செருப்பு ஒண்ணு வாசல்ல கெடந்தா அது ஒரு தைரியம். எவனும் கிட்ட வரமாட்டான்” என்றார். அதனால்தான் போட்டு வைத்திருக்கிறேன். பாதுகாப்புக்கு. தூசி படிந்தால் யாரும் போடுவதில்லை என்று தெரிந்துவிடும், அதனால்தான் துடைப்பதும்.

நவம்பர் 12

கேமில் அந்தப் பெண்ணின் வாசல் மொட்டையாக இருந்தது. கோலம் போட்டுப் பார்த்தேன், பக்கவாட்டுப் படத்தில் அது ஒரு கோடாகத்தான் தெரிகிறது. கடைசியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு வரைந்தேன். பழுப்பு நிறம், இடது வாரில் மட்டும் கறுப்பு நூல் தையல். அத்தனை சின்னப் படத்தில் அந்தத் தையல் எவன் கண்ணுக்குத் தெரியப் போகிறது என்று ஜெரால்டு கேட்டான். தெரியாவிட்டால் போகிறது.

நவம்பர் 17

இன்று முதல்முறையாக வெளியாட்கள் ஆடிப் பார்த்தார்கள். பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ் மஞ்சுநாதன் முதலில் உட்கார்ந்தார். நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு வரைந்த பேய் வந்ததும், “என்னங்க, முருங்கக்காய்க்கு முடி வெச்ச மாதிரி இருக்குது” என்று சிரித்தார். எனக்கு முகம் செத்துவிட்டது.

அப்புறம் அந்தப் பெண் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். வாசலுக்கு வந்ததும் மனிதர் நிறுத்திவிட்டார். விரல் பொத்தான் மேலேயே இருக்கிறது, அழுத்தவில்லை. ஜெரால்டு, “உள்ள போங்க சார்” என்றான்.

“போறேன் இருங்க. என்னமோ ஒரு மாதிரி இருக்குது.”

என்ன மாதிரி என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்து வந்த ரெஜினா கீழே மருந்துக் கடையில் இருப்பவள், அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருக்கிறாள். அவளும் அதே இடத்தில் நின்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான் போமாட்டேங்க. உள்ள யாரோ இருக்காங்க.”

“எப்படிச் சொல்றே?”

“போறப்ப செருப்பு தெருவப் பாத்துட்டு இருந்துச்சு. இப்பக் கதவப் பாத்துட்டு இருக்குது. யாரோ போட்டுட்டு வந்து கழட்டி விட்டுட்டு உள்ள போயிருக்காங்க.”

நானும் ஜெரால்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாங்கள் அப்படி எதுவும் செய்யவில்லை.

நவம்பர் 18

விஷயம் சப்பென்று ஆகிவிட்டது. தவறு எங்களுடையதுதான். டூ-டி கேமில் ஒரே ஆளை இரண்டு முறை வரைவதில்லை. வலது பக்கம் நடக்கிற மாதிரி ஒன்று வரைந்தால் போதும். அவள் இடது பக்கம் திரும்பும்போது கம்ப்யூட்டர் அதையே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிக் காட்டிவிடும். நான் சோம்பலில் செருப்பை அந்தப் பெண்ணின் படங்களோடு ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்பிவிட்டேன். அவள் திரும்பும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து திரும்பியிருக்கிறது.

ஜெரால்டு சரிசெய்துவிட்டான். இப்போது செருப்பு போட்டது போட்டபடி கிடக்கிறது.

நவம்பர் 20

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவருடைய செருப்பு கதவைப் பார்த்துக் கிடந்தது.

காலையில் எப்படிக் கிடந்தது என்று நினைவில்லை. இந்தக் கேம் பண்ணப் போய் எதைப் பார்த்தாலும் இப்படித் தோன்றுகிறது. தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு ரசம் வைத்தேன்.

நவம்பர் 24

இன்று காலையில் பூட்டிய பிறகு நன்றாகப் பார்த்து வைத்தேன். மாடிப்படியைப் பார்த்து, இரண்டும் சேர்ந்தாற்போல். சாயங்காலம் வந்தபோது கதவைப் பார்த்துக் கிடந்தது. ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று பின்னால், ஆள் நடந்து வந்து கழற்றி விட்ட மாதிரி.

நாய் இழுத்திருக்கலாம். ஆனால் நாய் இத்தனை ஒழுங்காக வைக்காது. லோகாக்காவிடம் கேட்கலாம் என்றால் அவருக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார். துணி காயப்போடுவதுகூடக் கீழேதான்.

ஜெரால்டின் உத்தரவுப்படி எழுத வேண்டும். பயந்தேனா? இல்லை. அதற்கு வேறு ஏதோ பெயர்.

நவம்பர் 26

திருத்திய கேமை வேறு ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தோம். ஒருவரும் வாசலில் நிற்கவில்லை. மாமியார் வீட்டுக்குள் நுழைகிற மாப்பிள்ளை மாதிரி நேராக உள்ளே போகிறார்கள். பேயைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மஞ்சுநாதனும் மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அன்னிக்கு இருந்த மாதிரி இல்லீங்களே” என்றார்.

ஜெரால்டு நெடுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். “சுகந்தி, நாம தப்பைத் திருத்தல. பயத்தையே திருத்தித் தொலைச்சிருக்கோம்.” தவறைத் தேடிப் பிடித்து மறுபடி உள்ளே வைத்தோம். என் பேயைத் தூக்கிவிடச் சொன்னான். அந்த முருங்கைக்காய் போனதில் எனக்கும் வருத்தமில்லை.

அவன் ஒன்று கேட்டான். “த்ரீ-டியா இருந்தா ஆடறவன் குனிஞ்சு கூடப் பாத்துருக்கமாட்டான், இல்ல?” ஆமாம். அதில் தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம், பார்க்காமலும் இருந்துவிடலாம். இதில் எல்லாம் கண்முன்னாலேயே கிடக்கிறது. பார்க்காமல் இருக்க வழியில்லை. ஒரு கதவு மட்டும்தான் மூடியிருக்கிறது.

டிசம்பர் 2

சாவியைப் பழையபடி துளசித் தொட்டிக்கு அடியிலேயே வைக்க ஆரம்பித்திருக்கிறேன். கைப்பையில் போட்டால் தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. முன்னால் இரண்டு பேரும் வேலைக்குப் போனபோது அங்கேதான் வைப்போம்.

அரிசி கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வடிக்கிறேன். சின்னப் பாத்திரம் அடிபிடிக்கிறது.

இன்றும் செருப்பு திரும்பியிருந்தது.

டிசம்பர் 6

அவர் போன் செய்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். வக்கீல் ஏதோ பேப்பர் அனுப்புவதாகவும், கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இரண்டு பேருக்கும் நல்லது என்றும் சொன்னார். குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கும், ஓசூர்க் குளிர் அவருக்கு ஆகாது.

“நீங்க இந்தப் பக்கம் வந்துட்டுப் போனீங்களா மாமா?” என்று கேட்டேன்.

“எந்தப் பக்கம்?”

“வீட்டுப் பக்கம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “இல்லையே. ஏன் கேக்கறே?”

ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்ல வேண்டி வந்தால் இப்படித்தான் முதலில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார்.

டிசம்பர் 11

மத்தியானம் நல்ல மழை. சாயங்காலம் குடையை மடக்கிக்கொண்டு மாடி ஏறினால், செருப்பின் அடியில் சேறு. ஈரம். வார்கூட நனைந்திருந்தது. கையால் தொட்டுப் பார்த்தேன். சேறு இன்னும் காயவில்லை.

நாய்க்குச் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கத் தெரியாது.

கால் கழுவவில்லை, விளக்குப் போடவில்லை, அந்த ஈரச் செருப்பைப் பார்த்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்திருக்கிறார். ஷூவைக் கழற்றிவிட்டு இதைப் போட்டுக்கொண்டு கீழே போய், டீக்கடை வரைக்கும் நடந்துவிட்டு வந்திருப்பார். மழை நாளில் அவர் எப்போதும் அப்படித்தான். உள்ளே வரக் கூச்சப்பட்டிருப்பார். சாவி இருக்கிற இடம் தெரியும், இருந்தும் எடுக்கவில்லை. எடுக்காத மனிதரிடம் போய் ஏன் எடுக்கவில்லை என்று கேட்க முடியுமா. தானாக எடுக்கட்டும்.

டிசம்பர் 12

லீவு போட்டேன். வயிற்றுவலி என்று ஜெரால்டிடம் சொன்னேன். காலையிலேயே போய்க் கறி எடுத்து வந்து, பள்ளிபாளையம் வறுவல் செய்தேன். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டால்தான் அவர் சாப்பிடுவார். பச்சைப் புடவையை எடுத்துக் கட்டினேன், துவைக்கிற துணி எல்லாம் ஊறிக் கிடந்தது, வேறு இல்லை.

யாரும் வரவில்லை. செருப்பு நான் வைத்தபடியே கிடந்தது. கீழே என் வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். லீவு போட்டது என் தப்பு.

டிசம்பர் 20

ஜெரால்டு பிடித்துக்கொண்டான். செருப்பு திரும்பிவிட்டது, சரி. கதவைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது? அதை வரைய வேண்டியது நான். ஒரு வாரமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காட்டினேன். அறை, மஞ்சள் விளக்கு, அடுப்பில் பால், கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்.

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். “நல்லாத்தான் இருக்குது. ஆனா இது பேய் கேமா, கல்யாண வீடா? உள்ள போக ஆசையா இருக்குது எனக்கு.”

அப்புறம், “நீ நல்லா இருக்கற தானே?” என்று கேட்டான். எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்.

டிசம்பர் 29

பதிவுத் தபால் வந்தது. பிரிக்கவில்லை. கரண்ட் பில் எல்லாம் இருக்கிற பையில் போட்டு வைத்திருக்கிறேன். உதட்டால் ஒன்று, வக்கீலால் ஒன்று, செருப்பால் ஒன்று பேசுகிறார். எதை நம்புவது என்பது என் இஷ்டம்.

ஜனவரி 5

பொங்கல் கழிந்ததும் வண்டி பிடித்துக்கொண்டு வருவதாக வசந்தாக்கா முடிவே செய்துவிட்டாள். பாத்திரங்களை இப்போதே கட்டி வைக்க வேண்டுமாம்.

“இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாங்க்கா. அவரு வந்துட்டுத்தான் இருக்காரு” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“யாரு வர்றா?” என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 14

இன்று காப்புக் கட்டு. தைப் பிறப்புக்கு முந்தின நாள் எங்கள் பக்கத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து ஒவ்வொரு வாசலிலும் கட்டுவார்கள். ஆபீஸ் லீவு. வண்டியை நேற்றே பஞ்சருக்கு விட்டிருந்தேன், அதனால் நான் வெளியே போயிருப்பதாகக் கீழே நினைத்திருக்கிறார்கள்.

பத்து மணி இருக்கும். பீரோவுக்கு மேலே ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ மூச்சுவாங்கும் சத்தம். தரையில் செருப்புத் தேய்கிற சத்தம். கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடுகிற அந்த நேரத்தில் என்னென்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன். தலை முழுக்க ஒட்டடை, இந்தக் கோலத்திலா பார்க்க வேண்டும் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கதவைத் திறந்தேன். லோகாக்கா ஒரு கையில் காப்புக் கொத்தோடு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காலால் மாமாவின் செருப்பைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏங்கண்ணு, நீ ஊட்லதான் இருக்கறயா? வண்டியக் காணோமேன்னு பாத்தேன்.”

செருப்பையே பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“அட, அது ஒண்ணுமில்ல கண்ணு. நீ போனதும் நாந்தான் வந்து திருப்பி வெச்சுட்டுப் போவேன். ஒரே பக்கம் பாத்துட்டுக் கெடந்தா நாலு நாள்ல எவனுக்கும் தெரிஞ்சு போயிரும், ஊட்ல ஆம்பள இல்லைன்னு. கார்த்திகை மாசம் நம்ம வீதியில ரண்டு ஊட்டப் பாத்துத் திருடன் ஒடச்சுட்டான்ல, அதுக்கப்பறந்தான் எனக்கு ரோசனயே வந்துச்சு.”

“மழையன்னிக்கு...” என்றேன்.

“போட்டுட்டுப் போயி சந்து முக்கு வரைக்கும் நடந்துட்டு வந்தேன். ஈரமே இல்லாமக் கெடந்தா பொய்யின்னு தெரிஞ்சரும்ல. பெரிய செருப்பு, வழுக்கி உழுகப் பாத்தேன் போ.” சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “ஏன் சாமி, நீ வேற என்னமோ நெனச்சுட்டயா?”

“இல்லீங்க்கா.”

“மாப்ள ராத்திரி வந்து வெடியால போறாருன்னு முன்ன நீ சொன்னப்பவே அது பொய்யின்னு எனக்குத் தெரியுங் கண்ணு. தெரிஞ்சுட்டுத்தான் கேக்கல. இனி வேண்டாம்னா விட்டர்றேன்.”

படியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இந்தப் படியை இத்தனை நாள் ஏறி இறங்கியிருக்கிறார். கொத்தை வாங்கி நானே நிலையில் கட்டினேன். அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டு வந்தேன். மேலே வந்து கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 15

பொங்கல். கீழே பானை பொங்கியது. கூப்பிட்டார்கள், போய் நின்றேன், இலையில் போட்டதைச் சாப்பிட்டேன்.

எனக்கு அவர் வேண்டும். இதை எழுதுவதற்கு இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது. தண்ணீர் வசதியும் வேண்டாம், காற்றும் வேண்டாம். குகை வந்தால் என் பின்னால் ஒளிந்துகொள்கிற அந்த ஆள் வேண்டும். ஒரு தடவைகூட வரவில்லை அவர். போனில் கேட்டபோது எடுத்துக்கொண்ட அந்தக் கொஞ்ச நேரம் பொய் சொல்வதற்காக இல்லை. நான் ஏன் இப்படிக் கேட்கிறேன் என்று பாவப்பட்ட நேரம் அது.

ஜெரால்டின் கணக்குக்கு இதையும் எழுதி வைக்கிறேன். இன்று எதற்குப் பயந்தேன்: இனிமேல் செருப்பு திரும்பியிருந்தாலும் ஒன்றுமில்லை என்பதற்கு.

ஜனவரி 19

உள்ளே என்ன இருக்கிறது என்று வரைந்துவிட்டேன். அறை. மஞ்சள் விளக்கு. கட்டில். அடுப்பில் பால். ஆளை அழித்துவிட்டேன். அவ்வளவுதான்.

“பேய் எங்கே?” என்றான் ஜெரால்டு.

“இல்ல.”

“செருப்பு கதவப் பாத்துட்டு இருக்குது. தொறந்தா யாருமே இல்லையா?”

“யாருமே இல்ல. மறுநாளும் அவ பாலுக்குப் போவா. திரும்பி வந்தா செருப்பு திரும்பித்தான் இருக்கும். மறுபடியும் தொறப்பா.”



ஜனவரி 22

வரதராஜன் வந்தார். பளபளவென்ற ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்தார். தெருவில் ஜாலியாக நடந்தார், பால் வாங்கினார், திரும்பி வந்தார். வாசலில் நின்றார். ஏசி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒருவழியாகத் திறந்தார். யாரும் இல்லை. மூச்சு விட்டார். இரண்டாம் நாள் பால் வாங்கிவிட்டுத் திரும்பும்போது நடையே மாறிவிட்டது. மூன்றாம் நாள் வாசலில் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“இதுல பேய் எப்பங்க வரும்?”

“வராதுங்க சார்” என்றேன்.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “அடப் பாவமே” என்றார். டூ-டியாகவே இருக்கட்டும் என்று கிளம்பும்போது படியில் சொன்னாராம். ஜெரால்டு ஓடி வந்து என் மேஜையைத் தட்டினான்.

“நீ ஒருதரம் முழுசா ஆடு சுகந்தி. வரஞ்சவ நீ, இதுவரைக்கும் நீ ஆடவே இல்ல.”

ஆடினேன். அந்தப் பெண் பால் வாங்கிக்கொண்டு வலது ஓரத்திலிருந்து திரும்பினாள். இடது ஓரத்தில் வீடு தெரிந்தது, அப்புறம் வாசல், அப்புறம் செருப்பு. கதவைப் பார்த்துக் கிடந்தது. கறுப்பு நூல் தையல் எனக்குத் தெரிந்தது. என் விரல் அவளை ஓடவைக்கும் பொத்தானை அழுத்தியது.

“ஏய், எல்லாரும் அங்க வந்தா நிப்பாங்க. நீ எதுக்கு ஓடறே?” என்றான் ஜெரால்டு.

உள்ளே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். அழித்தவளே நான்தான். ஆனாலும் ஓடினேன். திறந்தேன். அப்போதுதான் பயந்தேன். தட்டையான ஓர் அறை, நான்கு விரல் அகலம்.

ஜனவரி 27

தபாலைப் பிரித்துக் கையெழுத்துப் போட்டேன். பேனா முதலில் எழுதவில்லை, உதறி எழுதினேன். காலையில் ஆபீசுக்குப் போகிற வழியில் அனுப்பிவிட்டேன்.

வசந்தாக்காவிடம் வண்டி வேண்டாம் என்று சொன்னேன். கத்தினாள். “நான் யாருக்காகவும் இருக்கலங்க்கா, எனக்காக இருக்கேன்” என்றதும் நம்பாமல் வைத்துவிட்டாள். நானும் முழுக்க நம்பவில்லை, ஆனால் சொல்லிப் பார்த்ததில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அக்ரிமென்ட் இந்தத் தடவை என் பேரில் மட்டும் போட்டாயிற்று. லோகாக்கா தன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“செருப்ப என்ன பண்ணட்டுங் கண்ணு? எடுத்துப் போட்டர்லாமா?”

“கெடக்கட்டுங்க்கா. நீங்க படி ஏறாதீங்க. காலைல போறப்ப நானே திருப்பி வெச்சுட்டுப் போறேன்.”

பிப்ரவரி 2

காலையில் பூட்டிவிட்டு, செருப்பைக் கதவைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். லோகாக்காவின் பழக்கம் அப்படி. எனக்கும் வந்துவிட்டது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆபீசில், கேமில் பால் விற்கிற அம்மாவுக்கு முகம் வரைந்தேன். ஜெரால்டு போண்டா வாங்கிக் கொடுத்தான். வரும் வழியில் கேஸுக்குச் சொல்லிவிட்டு, கீரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மாடி ஏறினேன். செருப்பு நான் வைத்தபடியே கிடந்தது. நான்தான் வைத்தேன், காலையில், இந்தக் கையால். சாவியை எடுத்துப் பூட்டுக்குக் கொண்டு போனேன்.

பிறகு, கீரைக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முதலில் கதவைத் தட்டினேன்.